வைத்தியர் போதாத ஊரில்

நெஞ்சு நோகுது என்று வந்தவர்களின் நெஞ்சில் ஒரு குறையும் இருக்கவில்லை. தலையிடிக்காரர்களும் அப்படித்தான். 1980-களில் யாழ்ப்பாண வைத்தியசாலையில் மனநல வைத்தியராக இருந்த தயா சோமசுந்தரத்துக்கு, யுத்தம்தான் உடம்பின் வழியே பேசுகிறது என்று விளங்கியது. 1994-இல் வெளியான அவருடைய ஆய்வில், யுத்த நெருக்கீடு எதையும் சந்திக்காதவர்கள் 6 சதவீதம்தான். மற்றவர்களை யார் பார்ப்பது?

வைத்தியரைப் பெருக்க முடியாது. ஆறுதலாகக் கேட்கத் தெரிந்தவர்களைப் பெருக்கலாம். யாழ்ப்பாணத்துச் சாந்திகம் நிறுவனம் ஆற்றுப்படுத்துநர்களைப் பழக்கியது. ‘மனவடு’ என்றொரு தமிழ் நூல் வந்தது. கண் ஆசிரியர்கள் மேலும் விழுந்தது. ஊர் இடம்பெயர்ந்தாலும் மரத்தடியில் பள்ளிக்கூடம் கூடிவிடும். கெட்டிக்காரப் பிள்ளை திடீரென்று வாய்பேசாமல் போனால் முதலில் கவனிப்பவரும் வாத்தியார்தான். ஆனால் வாத்தியாரையே ஆற்றுப்படுத்துநராக்கும் யோசனை வேர்விடக் காலம் இடம் தரவில்லை.

1995 செப்டம்பர் 22. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நாகர்கோவில் மகா வித்தியாலயத்தில் விமானக் குண்டு விழுந்து மாணவர்கள் மாண்டார்கள். ஒக்டோபர் 30-இல் யுத்தத்துக்கு அஞ்சிக் குடாநாட்டின் வலிகாமமே எழுந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தது. வகுப்பறைகள் அகதிகளின் வீடாயின. பாடமே இல்லாத இடத்தில் ஆற்றுப்படுத்தலுக்கு ஏது இடம்?

2002-இல் போர்நிறுத்தம். ஜெர்மனியின் கொன்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்து உளவியலாளர்கள் ஒரு விசித்திரமான முறையோடு வடகிழக்குக்கு வந்தார்கள். பிள்ளை ஒரு கயிற்றை நீட்டி வைக்கும். அந்தக் கயிறுதான் பிள்ளையின் வாழ்க்கை. நல்ல நாளுக்குப் பூ, கெட்ட நாளுக்குக் கல். பிறகு ஒவ்வொரு கல்லாகக் கதை சொல்ல வேண்டும். உள்ளூர் ஆசிரியர்கள் பயிற்றப்பட்டார்கள். 420 மாணவர்களிடம் நடந்த கணிப்பில் 92 சதவீதத்தினர் கொடிய அனுபவங்களைக் கடந்திருந்தார்கள். கால்வாசிப் பேருக்கு மனவடு நோய். அந்தப் பயிற்சிக்கு வரவிருந்த பரீட்சையை எவரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

2004 டிசம்பர் 26-இல் சுனாமியாகக் கடல் வந்தது. வடகிழக்கு முகாமொன்றில் 31 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, உள்ளூர் ஆற்றுப்படுத்துநர்கள் ஆறு அமர்வுகள் நடத்தினார்கள். ஒரு பகுதிக்குக் கதை சொல்லும் முறை. மற்றதற்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். ஆறு மாதத்தின் பின் முதல் பகுதியில் 81 சதவீதம் தேறியிருந்தது. மூச்சையும் தியானத்தையும் நம்பிய பகுதியில் 71. புள்ளிவிவரக் கணக்கில் இது வித்தியாசமே அல்ல. சோமசுந்தரம் நெடுங்காலமாக யோகத் தளர்வையும் மந்திர உச்சாடனத்தையும் வலியுறுத்தி வந்தவர் என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும்.

அப்படியானால் ஆற்றுப்படுத்தலை, வேறொரு முறையில், முழு வகுப்புக்கும் கொடுத்தால்? வட இலங்கையில் 399 பிள்ளைகளோடு ஐந்து வாரம், 15 அமர்வுகள். 2012-இல் வந்த முடிவு முகத்தில் அடித்தது. குழப்படி குறைந்தது, ஆண்பிள்ளைகளுக்கு ஓரளவு பலன். ஆனால் அமர்வில் இருந்த பெண்பிள்ளைகளின் மனவடு அறிகுறிகள், ஒப்பீட்டுக்காக இன்னும் அமர்வு கிடைக்காமல் காத்திருந்த பெண்பிள்ளைகளுக்குக் குறைந்த அளவுக்கேனும் குறையவில்லை! யுத்தச் சுமை இன்னும் தலையில் இருந்தவர்களுக்குப் பலன் சொற்பம். அதை மறைக்காமல் அச்சேற்றியவர்களில் யாழ்ப்பாணத்து மனநல வைத்தியர் சிவயோகனும் ஒருவர்.

இன்று வடக்குப் பாடசாலைகளில் நேரசூசிக்கு நடுவே பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கதைக்கும் உளவளத்துணை ஆசிரியருக்குப் பின்னால் கிடப்பது இந்தக் கதைதான். பலருக்கு அவர் கணித வாத்தியார், அவ்வளவே.