சேலம்–நாமக்கல் சமவெளி: கழிவிலிருந்து எரிவாயு

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் கோழி எரு, சேகோ ஆலைக் கழிவுநீர், சர்க்கரை ஆலைக் கசடு, மாட்டுச் சாணம் ஆகியவற்றிலிருந்து எரிவாயு எடுக்கப்படுகிறது. நாமக்கல்லைச் சுற்றி முட்டைக்கோழிப் பண்ணைகள், ஆத்தூர், ராசிபுரம் பக்கம் குச்சிக்கிழங்கு அரைக்கும் சேகோ ஆலைகள், மோகனூரில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை என மூலப்பொருள் அருகருகே கிடைப்பது இவ்வட்டாரத்தின் பெரும் வசதி.

சேகோ ஆலைக் கழிவுநீரில் மாவுச்சத்து மிகுதி. தேங்கினால் புளித்து நாறும். நிலத்தடி நீரையும் கெடுக்கும். அதே நீரைக் காற்றுப் புகாத தொட்டியிலோ தடித்த விரிப்பால் மூடிய குட்டையிலோ விட்டால், நுண்ணுயிரிகள் அதை மீத்தேனாக மாற்றுகின்றன. விரிப்பு பந்தல்போல் உப்பி நிற்கும். கோழி எரு இத்தனை எளிதில் வசப்படாது. தழைச்சத்து அதிகமாதலால் அம்மோனியா பெருகி நுண்ணுயிரிகளை முடக்கும். எனவே சாணத்தையோ ஆலைக் கசடையோ கலந்து, நீர்விட்டுக் கரைத்தே செலுத்த வேண்டும். வாயுவிலுள்ள ஹைட்ரஜன் சல்பைடை நீக்காவிட்டால் பர்னர் அரித்துப்போகும்.

உயிரிவாயு உற்பத்தியை ஊக்குவிக்க ஒன்றிய அரசு 2018 அக்டோபரில் தொடங்கிய சதத் திட்டத்தின்கீழ், நாமக்கல் மாவட்டம் புதுச்சத்திரத்தில் நாளொன்றுக்கு 15 டன் திறனுள்ள அழுத்தப்பட்ட உயிரிவாயு ஆலை அமைந்தது. இந்தியன் ஆயில் பங்க்குகளில் அவ்வாயுவின் விற்பனை 2020 ஜூனில் தொடங்கியது. அது முதலில் போனது வாகனங்களுக்கே. ஆயினும் குழாய்வழிச் சமையல் எரிவாயுவில் உயிரிவாயு கலப்பதை ஒன்றிய அரசு கட்டாயமாக்கியுள்ளது: 2025–26இல் 1 விழுக்காடு, 2028–29 முதல் 5 விழுக்காடு.

வீட்டளவிலான சாணவாயுக் கலனில் சுமார் 25 கிலோ சாணம் ஒரு கனமீட்டர் வாயு தரும். இரண்டு கனமீட்டர் இருந்தால் நாலைந்து பேர் உள்ள வீட்டுக்குச் சமையல் நடக்கும். இத்தகைய கலன்கள் பல ஊர்களில் கைவிடப்பட்டதற்குச் சாணத் தட்டுப்பாடு மட்டும் காரணமல்ல. அடைத்த குழாயைத் திறக்கவும், ஒழுகும் மூடியை மாற்றவும், அடுப்பைச் சரிபார்க்கவும் ஆள் இல்லை. உள்ளூர் இளைஞர்களுக்கான வேலை முதலில் இங்கேதான் இருக்கிறது, ஐ.டி.ஐ. ஃபிட்டர் படித்தவருக்குக் கைவந்த வேலை இது. பண்ணை பண்ணையாக எரு திரட்டுவது, கடலைத்தோலையும் மரத்தூளையும் அழுத்திக் கட்டியாக்கி பாய்லர்களுக்கும் பெரிய அடுப்புகளுக்கும் விற்பது ஆகியவையும் சிறுதொழிலாகும். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் கிராமப்புறத் தொழில்முனைவோருக்குத் திட்டச் செலவில் 25 முதல் 35 விழுக்காடு வரை மானியம் உண்டு.

வாயு எடுத்தபின் எஞ்சும் சேறும் வரவுதான். மஞ்சள், வாழை, கரும்பு வயல்களுக்கு அது எருவாகிறது.