எங்கே என்பதற்கு முன் எப்போது

சென்ற மாதம் ரொறன்ரோவிலிருந்து என் மருமகன் தொலைபேசியில் அழைத்தான். பாகம் பாகமாக வாங்கித் தன் கையாலேயே பூட்டிய புத்தம்புதிய மேசைக் கணினி நாளுக்கு மூன்று நான்கு தடவை திடீரென நின்றுவிடுகிறது என்பது அவனது முறைப்பாடு.

"றாம், பவர் சப்ளை, விண்டோஸ் எல்லாம் மாத்திப் பாத்திட்டன் மாமா. ஒண்டும் சரிவரேல்லை."

"எப்பவெல்லாம் நிக்குது?"

"எப்பவும்தான்."

இந்த "எப்பவும்தான்" என்ற விடையை நான் நன்கறிவேன். 2003ஆம் ஆண்டு வல்வெட்டித்துறையில் நானும் இதே விடையைச் சொன்னேன். அந்த விடையால் நான் இழந்தது என்ன என்பதையும், அது பிழையான விடை என்பதை எனக்குக் கற்பித்தவர் யார் என்பதையும் இங்கே எழுதிவைக்க விரும்புகின்றேன்.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. ஏப்ரலில் ஏ-9 பாதை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகளாக யாழ்ப்பாணத்துக்குச் சீராக வந்து சேராத பொருள்கள் யாவும் லொறிகளில் வரத் தொடங்கின. 1990இல் தேசிய மின்வலையமைப்பிலிருந்து குடாநாடு துண்டிக்கப்பட்ட பின்னர், சைக்கிள் டைனமோவை மிதித்து வானொலிச் செய்தி கேட்டவர்கள் நாங்கள்; ஜாம் போத்தலுக்குள் திரியிட்டு எரித்த விளக்கில் செய்தி எழுதியவர்கள். அப்படிப்பட்டவன் வீட்டுக்குக் கணினி வருகிறதென்றால் அது சாதாரண காரியமா? கொழும்பிலிருந்து வந்த பாகங்களை ஊர் இளைஞர் ஒருவர் எங்கள் விறாந்தையில் வைத்துப் பூட்டித் தந்தார். பாமினி எழுத்துருவில் முதலாவது வரியைத் தட்டச்சு செய்தபோது, முப்பது வருடம் குறிப்புப் புத்தகமும் பேனாவுமாகத் திரிந்தவனுக்கு ஒரு கர்வமே வந்துவிட்டது.

அந்தக் கர்வத்தில்தான் தவறு செய்தேன்.

வல்வெட்டித்துறை கப்பல்களின் ஊர் என்பதை வாசகர்கள் அறிவர். பாய்க்கப்பல்களைக் கட்டுவதும், அவற்றை இந்தியக் கரைகளுக்கும் பர்மாவுக்கும் ஓட்டுவதும் ஊரின் தொழிலாக இருந்தன. இங்கே கட்டப்பட்ட அன்னபூரணி என்ற இரு பாய்மரக் கப்பலை வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கித் தன் மனைவியின் பெயரைச் சூட்டினார். தண்டல் தம்பிப்பிள்ளையின் தலைமையில் எங்கள் ஊர்ப் பணியாட்கள் அதனைச் சூயஸ் கால்வாய் வழியே செலுத்தி, அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து, 1938 ஓகஸ்டில் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இந்தக் கதை பலராலும் எழுதப்பட்டது. எழுதப்படாதவை எத்தனையோ. எந்தக் கப்பலை எந்த வாடியில் கட்டினார்கள், அது எங்கே முடிந்தது என்பவை முதியவர்களின் நினைவில் மாத்திரமே இருந்தன.

ஆதிகோவிலடியில் எண்பது வயதைக் கடந்த ஒரு பழைய தண்டல் இருந்தார். தண்டல் என்றால் எங்கள் ஊரில் கப்பலின் தலைவன். மூன்று நாள் காலையில் என் வீட்டுக்கு வந்திருந்து, தாம் அறிந்த கப்பல்களின் பெயர்களை ஒன்றொன்றாகச் சொன்னார். சொல்லச் சொல்ல நேராகக் கணினியில் தட்டச்சு செய்தேன். குறிப்புப் புத்தகத்தை எடுக்கவில்லை. ஒலிநாடாவிலும் பதியவில்லை. முப்பதுக்கு மேற்பட்ட பெயர்கள் சேர்ந்தன. மூன்றாம் நாள் அவர் கொண்டுவந்த பழைய படமொன்றை வருடியில் வைத்துப் பிரதி எடுத்துக்கொண்டே கோப்பைச் சேமித்தேன். திரை நீலமாகி, ஒரு கணத்தில் கறுத்து, கணினி தானாகவே மீண்டும் தொடங்கியது. கோப்பைத் திறந்தபோது வெறும் சதுரப் பெட்டிகளே வரிசை வரிசையாக நின்றன.

அதற்கு முன்னரும் பல தடவை அந்தக் கணினி விழுந்திருந்தது. வாங்கி மூன்று மாதந்தான். புதியது என்பதால் பொறுத்துக்கொண்டேன். கோப்பு அழிந்த பின்னர் ஊரெல்லாம் ஆலோசனை கேட்டேன். மின்சார வேலை செய்பவர் மின்னழுத்தம் ஏறி இறங்குகிறது என்றார். கணினி வகுப்பு நடத்துபவர் வைரஸ் என்றார். கடற்கரைக்காரர் உப்புக் காற்று என்றார். ஒவ்வொருவரும் தத்தம் தொழிலிலேயே குற்றவாளியைக் கண்டார்கள். நானும் ஒரே நாளில் விண்டோசைப் புதிதாக நிறுவி, நினைவகத்தைக் கழற்றிப் பூட்டி, மின்வடத்தையும் மாற்றினேன். இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் விழுந்தது. எதை மாற்றியதால் இரண்டு நாள் ஓடியது என்பதும் தெரியவில்லை. எதனால் விழுந்தது என்பதும் தெரியவில்லை.

தண்டலிடம் போய்த் தலைகுனிந்து விடயத்தைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. நான் மருமகனிடம் கேட்ட அதே கேள்வியைத்தான் என்னிடம் கேட்டார்.

"எப்ப நிக்குது தம்பி?"

"எப்பவும்தான் ஐயா."

"அப்பிடி ஒண்டு இல்லை. கப்பலிலை தண்ணி ஏறினா, எங்கை ஏறுது எண்டு தேடக் கூடாது. எப்ப ஏறுது எண்டு பாக்கோணும். நங்கூரத்திலை சும்மா நிக்கேக்கையும் ஏறுதெண்டால் ஓட்டை தண்ணிக்குக் கீழை. ஒரு பக்கம் சாஞ்சு ஓடேக்க மட்டும் ஏறுதெண்டால் அந்தப் பக்கத்து மேல் பலகையிலை."

புதுக் கப்பல் என்றால் ஓட்டை இருக்காதே என்று கேட்டேன். சிரித்தார். புதுக் கப்பல் முதல் சில நாள் அழும். பலகை தண்ணீரில் ஊறிப் பருத்த பின்னர் அழுகை நிற்கும். நிற்காவிட்டால்தான் கலப்பற்று வேலையில், அதாவது பலகை இடுக்குகளைப் பஞ்சு வைத்து அடைத்த வேலையில், பிழை தேட வேண்டும் என்றார்.

தண்டல் சொன்ன அந்த முறை கணினியின் வரலாற்றிலும் முதலிலிருந்தே இருப்பதைப் பின்னர் வாசித்து வியந்தேன். 1946இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் வெளியுலகுக்கு அறிமுகமான எனியாக் கணினியில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. ஒன்று எரிந்தாலும் கணக்குப் பிழைக்கும். குழாய்கள் பெரும்பாலும் எப்போது எரிகின்றன என்று பார்த்தார்கள். இயந்திரத்தை ஏற்றும்போதும் அணைக்கும்போதும், சூடேறிக் குளிரும் வேளையில் என்று தெரிந்தது. அணைக்காமலே விட்டுவைப்பது என்று முடிவெடுத்தார்கள். 1947 செப்டெம்பர் 9ஆம் திகதி ஹாவர்ட் மார்க் 2 கணினியின் ரிலே ஒன்றுக்குள் அகப்பட்ட விட்டில் பூச்சியின் கதை பிரபலமானது. கதையில் பூச்சியைத்தான் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கோ அது ஒட்டப்பட்ட பதிவேடுதான் முக்கியமாகப் படுகிறது. பூச்சியின் அருகே நேரமும் குறிக்கப்பட்டிருக்கிறது: பிற்பகல் 3.45.

"எப்போது" என்ற கேள்விக்கு ஒழுங்கான விடையே கிடைக்காமற் போவதும் ஒரு தடயந்தான். 1970களின் இறுதியில் இன்டெல் நிறுவனத்தின் நினைவகச் சில்லுகளில் எங்கோ ஓரிடத்தில் ஓர் எழுத்து மாறிவிடும். மறுமுறை எழுதினால் அதே இடம் சரியாகவே வேலை செய்யும். சில்லில் நிலையான பழுதில்லை என்பது அதனால் தெளிவானது. ரிமொதி மே, மறி வூட்ஸ் என்ற இருவர் தேடிக் கண்டுபிடித்து 1978இல் அறிவித்தார்கள். சில்லை மூடிய பீங்கான் உறையில் மிகச் சிறிதளவு கலந்திருந்த யுரேனியமும் தோரியமும் வெளியிட்ட அல்பாத் துகள்களே காரணம்.

நான் ஒரு அப்பியாசக் கொப்பி வாங்கினேன். கப்பலின் பதிவேடு போலக் கோடிட்டேன். திகதி, நேரம், என்ன செய்துகொண்டிருந்தேன், அறையின் மின்விளக்கு மங்கியதா என்று நான்கு நிரல்கள். விண்டோஸ் எக்ஸ்பி, பிழை ஏற்பட்டவுடன் தானாக மீண்டும் தொடங்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. அந்த வசதியை நிறுத்தியதும் நீலத்திரை அசையாமல் நின்றது. அதிலிருந்த குறியெண்ணையும் எழுதினேன். முக்கியமாக, எதையும் மாற்றவில்லை. மாற்றாமல் இருப்பதே எனக்கு மிகக் கடினமாக இருந்தது.

மூன்று வாரத்தில் பதினான்கு பதிவுகள் சேர்ந்தன. அவற்றை வாசித்தபோது, நான் "எப்பவும்" என்று சொன்னது இரண்டு வெவ்வேறு "எப்போது"க்களின் கலவை என்று விளங்கியது. மூன்று தடவை விளக்கும் சேர்ந்து மங்கியிருந்தது. அப்போது நீலத்திரை வரவில்லை; கணினி வெறுமனே அணைந்தது. மற்றைய பதினொரு தடவையும் விளக்கு நன்றாகவே எரிந்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் நான் படம் வருடிக்கொண்டிருந்தேன், அல்லது கணினிக்குப் பாரமான வேறு வேலை கொடுத்திருந்தேன். குறியெண்ணும் தடவைக்குத் தடவை மாறியது. ஒரே மென்பொருளில் பிழை என்றால் பெரும்பாலும் ஒரே குறியெண் திரும்பத் திரும்ப வரும். மாறிக்கொண்டே இருந்தால் வன்பொருளைச் சந்தேகிக்க வேண்டும்.

இருவர் செய்த குற்றத்துக்கு ஒருவனைத் தேடிக்கொண்டிருந்தேன். நீதிமன்றச் செய்தி எழுதியவனுக்கு இது முன்னரே தோன்றியிருக்க வேண்டும்.

பின்னர் ஒரு நேரத்தில் ஒன்றை மாத்திரம் மாற்றினேன். யூ.பி.எஸ். ஒன்று வாங்கியதும் முதலாவது வகை நின்றது. மின்சார வேலைக்காரர் சொன்னது பொய்யில்லை. பதினான்கில் மூன்றுக்கு அது உண்மை. நினைவகத்தைச் சோதிக்க மெம்ரெஸ்ட்86 என்ற சிறு நிரலை இரவு முழுவதும் ஓடவிட்டேன். ஒரு பிழையும் காட்டவில்லை. நண்பரிடம் மின்வழங்கியை இரவல் வாங்கிப் பூட்டினேன்; மாற்றமில்லை. மிஞ்சியது தாய்ப்பலகை. அதனை நெல்லியடியில் வானொலி திருத்தும் ஒருவரிடம் கொண்டுபோனேன். கணினி தமக்குத் தெரியாது என்றார் அவர். டோர்ச் வெளிச்சத்தில் ஒரு நிமிடம் பார்த்தார்.

"இஞ்சை பாருங்கோ, வீங்கிப் போச்சு."

மைய முறைவழியாக்கியைச் சுற்றி நின்ற உருளை வடிவ மின்தேக்கிகளில், எங்கள் பாடநூல்களில் கொள்ளளவி எனப்படுபவற்றில், இரண்டின் தட்டையான தலை மேடாகப் புடைத்திருந்தது. ஒன்றில் பழுப்பு நிறக் கசிவும் இருந்தது. மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்துவதே அவற்றின் வேலை. கணினிக்குப் பாரம் ஏறும்போது முறைவழியாக்கி திடீரென அதிக மின்னோட்டத்தைக் கேட்கும். பழுதான மின்தேக்கியால் அதைச் சமாளிக்க முடியாது, அழுத்தம் தளம்பும், கணக்குப் பிழைக்கும். சாய்ந்து ஓடும்போது மாத்திரம் தண்ணீர் ஏறிய கப்பலேதான். அவர் பழையவற்றை எடுத்துவிட்டு 105 பாகை வெப்பம் தாங்கும் புதிய மின்தேக்கிகளை ஈயம் வைத்துப் பற்றினார். தடையின் காலத்தில் பேணி வைத்திருந்த வானொலிகளில் இதே வீக்கத்தைப் பலமுறை கண்டவர் அவர்.

அந்த வீக்கம் என் வீட்டுக்கு மாத்திரம் வந்த நோய் இல்லை. 1999 முதல் 2007 வரையான காலப்பகுதியில் உலகெங்கும் தாய்ப்பலகைகள் இவ்வாறு வீங்கிக் கசிந்தன. 2003 பெப்ரவரியில் ஐ.இ.இ.இ. ஸ்பெக்ட்ரம் சஞ்சிகை இதுபற்றி எழுதியது. யப்பானிலிருந்து திருட்டுப்போன அரைகுறைச் சூத்திரம் தாய்வானுக்குப் போய்ச் சேர்ந்தது என்ற கதையும் அப்போது பரவியது. இரசாயனம் எளிது. மின்தேக்கிக்குள் இருக்கும் நீர் கலந்த திரவம் அலுமினியத்தை அரிக்காதிருக்கத் தடுப்பான் சேர்க்க வேண்டும். அது போதாவிட்டால் ஐதரசன் வாயு உண்டாகித் தலை புடைக்கும். டெல் நிறுவனம் தன் கணினிகளைத் திருத்த 2005இல் 30 கோடி டொலரை ஒதுக்கியது. இன்றைய தாய்ப்பலகைகளில் இவ்விடத்தில் பெரும்பாலும் திரவமற்ற பல்பகுதிய மின்தேக்கிகளே உள்ளன.

ஆகவே மருமகனின் நோய் வேறாகத்தான் இருக்கும் என்றேன். நான்கு நிரல் போட்டு ஒரு கிழமை எழுதச் சொன்னேன். சலித்துக்கொண்டே எழுதினான். விளையாட்டு ஆடும்போதும் பெரிய கோப்பை விரிக்கும்போதும் மாத்திரமே நின்றிருக்கிறது. நினைவகத்தை வழமைக்கு மேலான வேகத்தில் ஓடவைக்கும் அமைப்பைப் பூட்டிய அன்றே இயக்கிவிட்டானாம். அதனை மட்டும் நிறுத்தியதும் கணினி நிமிர்ந்து நிற்கிறது. செலவு ஒரு சதமும் இல்லை.

என் கதை அவ்வாறு முடியவில்லை. திருத்திய கணினியோடு, இம்முறை கொப்பியும் பேனாவும் எடுத்துக்கொண்டு, தண்டலின் வீட்டுக்கு நானே போனேன். அவர் பொறுமையாக மீண்டும் சொன்னார். விரல் மடித்து எண்ணிக்கொண்டே வந்தவர் பத்தொன்பதில் நின்றார். "அண்டைக்குச் சொல்லேக்க ஓடி வந்தது தம்பி, இண்டைக்கு வருகுதில்லை" என்றார். அடுத்த கிழமையும் போனேன். பத்தொன்பதுதான். 2007இல் அவர் காலமானார்.

1981 ஜூன் மாதத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் சாம்பலாகிக் கிடந்ததைப் பார்த்த தலைமுறை எங்களுடையது. வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகள் அதில் எரிந்தன. ஒரே பிரதி என்றால் என்ன என்பதை எனக்கு எவரும் சொல்லித்தந்திருக்கத் தேவையில்லை. அந்தப் பத்தொன்பது பெயர்களும் இப்போது மூன்று நாடுகளில், தாளிலும் வட்டிலுமாக ஐந்து இடங்களில் இருக்கின்றன. நான்கு நிரல் போட்ட அந்த அப்பியாசக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் 20 முதல் 30 வரை இலக்கமிட்டு, எதிரே இடம் விட்டு வைத்திருக்கிறேன். ஊரவர்கள் யாரேனும், தம் பாட்டனார் சொல்லக் கேட்ட ஒரு கப்பலின் பெயரை அறிந்திருந்தால், தயவுசெய்து முதலில் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.