படத்தில் முகம், கொப்பியில் படிப்பு

நூற்றாண்டு மலருக்காகப் பழைய படங்களைச் சேர்க்கத் தொடங்கியபோது ஒன்றைக் கவனித்தோம். வரிசையாக நிற்கும் முகங்கள் ஏராளம். படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளைக் காட்டும் படங்களோ மிகக் குறைவு. இதற்கான காரணத்தை அறிய நம் பெண்கல்வியின் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

1824 இல் அமெரிக்க மிஷனரிமார் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினர். பிள்ளைகளின் செலவை அமெரிக்காவிலிருந்த கொடையாளர்கள் ஏற்றனர். சில பிள்ளைகளுக்கு அவர்களுடைய பெயர்களே சூட்டப்பட்டன. படிப்பு எப்படி நடக்கிறது என்ற செய்தி கடிதமாகக் கடல் கடந்தது. புகைப்படக்கலை பரவியபின் மிஷன் பாடசாலைகளின் படங்களும் அதே வழியிற் சென்றன.

பின்னாளில் படம் வீட்டுக்கும் வந்தது. ஆண்டுக்கொரு வகுப்புப் படம். அதிபரும் வகுப்பாசிரியையும் நடுவில் கதிரையில், உயரமானவர்கள் பின்வரிசையில். அது கண்ணாடிச் சட்டத்துக்குள் விறாந்தைச் சுவரில் ஏறியது. வகுப்பறைக்குள் வெளிச்சம் போதாது. பிலிம் வாங்குவதும் கழுவிப் பிரதி எடுப்பதும் செலவு. அதனால் கரும்பலகைக்கு முன்னால் நடந்தது படமாகவில்லை. படிப்பு வீட்டுக்குப் போன வழி வேறு: அப்பியாசக் கொப்பி, தேர்ச்சி அறிக்கை, தையல் துணி, கண்காட்சி. எழுத்தறியாத அம்மாவும் தையலைப் புரட்டி, பின்புறத்து முடிச்சுகளைப் பார்த்தே மகளின் கைத்திறனை மதிப்பிடுவார்.

1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது சுவரிலிருந்த படங்களைக் கழற்ற எத்தனை பேருக்கு நேரமிருந்தது? திரும்பி வந்த பலருக்கு அந்தச் சுவரே இருக்கவில்லை. முன்னரே ரொறன்ரோவுக்கோ இலண்டனுக்கோ தபாலில் போன பிரதிதான் சில குடும்பங்களுக்கு இன்று மிஞ்சியிருக்கிறது.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது படம் எதிர்த்திசையிற் சென்றது. பிள்ளையின் கொப்பிப் பக்கத்தைப் படம்பிடித்து அம்மா ஆசிரியைக்கு அனுப்பினார். கைபேசி இல்லாத வீட்டுப் பிள்ளை பின்தங்கினாள்.

இன்று தரம் 3 இல் பயறு முளைக்கவைத்ததை ஆசிரியை படமெடுத்து அனுப்பினால், டோஹாவில் வேலைசெய்யும் அப்பா அன்றிரவே அதைப் பார்க்கலாம். “ஏன் பிள்ளை, ஒன்று மட்டும் முளைக்கவில்லை?” என்று கேட்கலாம். மகள் தான் கற்றதைத் தன் சொல்லில் விளக்குவாள். அந்த உரையாடலுக்கு வழிவிடுவதே படத்தின் பயன். ஆனால் பிள்ளையின் முகம் எங்கெல்லாம் போகிறது என்பதைப் பெற்றோர் அறிந்து சம்மதிக்க வேண்டும். முளைத்த பயற்றையும் எழுதிய பக்கத்தையும் காட்ட முகம் தேவைப்படாது. கைபேசி இல்லாத அம்மாவுக்காக ஒரு பிரதியை அச்சிட்டுக் கொப்பியில் ஒட்டிவிடலாம்.

எங்கிருந்தாலும் பழைய மாணவிகளிடம் நாம் கேட்பது இதுதான். உங்கள் பெட்டியிலுள்ள வகுப்புப் படத்தை எடுங்கள். அதன் பின்புறத்தில் மென்மையான பென்சிலால், அழுத்தாமல், பெயர்களையும் ஆண்டையும் எழுதுங்கள். அந்த ஆண்டு என்ன படித்தீர்கள், யார் படிப்பித்தார் என்பதையும் ஒரு வரி சேருங்கள். பிரதியொன்றைச் சங்கத்துக்கு அனுப்புங்கள். பெயர் சொல்லக்கூடியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும்.