எஃப்.பி.ஐ. தூக்கிப்போன பெட்டிகள்

1950-களில் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து நகரில், கைசர் மருத்துவமனையைச் சேர்ந்த ஓர் உளவியலாளர் கேள்வித்தாள் ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்தார். ஆள் அடங்கிப் போகிறவரா, அதட்டி வேலை வாங்குகிறவரா, ஒட்டி உறவாடுகிறவரா, வெட்டிக்கொண்டு போகிறவரா என்று அளந்து, ஒரு வட்டத்துக்குள் குறித்துக் காட்டும் சோதனை அது. 1957-ல் அதையொட்டி அவர் எழுதிய புத்தகத்துக்குத் துறையில் நல்ல பெயர் கிடைத்தது. அவர் பெயர் டிமதி லியரி. தான் தயாரித்த சோதனையே ஒருநாள் சிறைக்குள் தன் முன்னால் நீட்டப்படும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

1960 கோடையில் மெக்ஸிகோவின் குவெர்னவாகாவுக்கு விடுமுறைக்குப் போன லியரி, அங்கே பழங்குடிகள் சடங்குகளில் உண்ணும் காளான்களைச் சாப்பிட்டுப் பார்த்தார். உளவியலில் அத்தனை வருடம் கற்றதைவிட அந்தச் சில மணி நேரத்தில் கற்றது அதிகம் என்று பிற்பாடு சொல்லி வந்தார். அப்போது வேலை பார்த்துவந்த ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குத் திரும்பியதும் சக பேராசிரியர் ரிச்சர்ட் ஆல்பெர்ட்டோடு சேர்ந்து, அந்தக் காளானின் வேதிச் சரக்கான சைலோசைபினை மனிதர்களுக்குக் கொடுத்து ஆராய ஆரம்பித்தார். உட்கொண்டவர்கள் அனுபவத்தை எழுதித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. கவிஞர் ஆலன் கின்ஸ்பர்க், நாவலாசிரியர்கள் ஜாக் கெரவாக், ஆர்தர் கெஸ்லர் என்று பெரிய பெயர்கள் எல்லாம் வந்து உட்கொண்டார்கள். கான்கார்ட் சிறைக் கைதிகளுக்கும் மருந்து போனது. அறிக்கைகளும் கடிதங்களும் குவிந்துகொண்டே இருந்தன. எதையும் தூக்கி எறியாத மனிதர் லியரி. 1963-ல் ஹார்வர்டு அவரையும் ஆல்பெர்ட்டையும் வெளியேற்றியபோது வேலைதான் போனது, காகிதங்கள் கூடவே வந்தன.

அடுத்த அடி 1965 டிசம்பரில் விழுந்தது. மெக்ஸிகோ எல்லையில் உள்ள லரேடோவில் அவருடைய காரைச் சோதனை போட்டார்கள். மகளிடம் கொஞ்சம் கஞ்சா இருந்தது. பொறுப்பை லியரி ஏற்றார். நீதிமன்றத்தில் அவர் வைத்த வாதங்களில் ஒன்று நம் ஊர்க்காரர்களை நிமிர்ந்து உட்கார வைக்கும்: தான் இந்து சமயத்தைப் பின்பற்றுகிறவர், தன் வழிபாட்டில் கஞ்சாவுக்கு இடமுண்டு என்றார். வாதம் எடுபடவில்லை. தீர்ப்பு, 30 வருடச் சிறை.

மேல்முறையீடு நடந்துகொண்டிருந்தபோது அவரோடு இருந்த ரோஸ்மேரி என்ற பெண்ணை, நியூயார்க் மாநிலத்தில் ஒரு விசாரணைக் குழுவின் முன் நிறுத்தினார்கள். லியரியின் வீட்டில் நடப்பதைச் சொல்லச் சொன்னார்கள். அவர் வாயைத் திறக்கவில்லை. அதற்காகவே சிறைக்குப் போனார். பின்னால் லியரியை மணந்துகொண்ட இந்த ரோஸ்மேரியின் மௌனம் அன்று யாருக்கும் பெரிதாகப் படவில்லை.

1969 மே மாதம் உச்ச நீதிமன்றம் லரேடோ தண்டனையை ரத்து செய்தது. அன்றைக்கே, ரொனால்ட் ரீகனை எதிர்த்துக் கலிஃபோர்னியா ஆளுநர் பதவிக்குப் போட்டியிடப் போவதாக லியரி அறிவித்தார். ஜான் லென்னனின் ‘கம் டுகெதர்’ பாட்டு அந்தத் தேர்தலுக்கான முழக்கத்திலிருந்து பிறந்ததுதான். ஆனால் லகூனா பீச்சில் முந்தைய டிசம்பரில் காரில் அகப்பட்ட கஞ்சா பீடித் துண்டுகள் காத்திருந்தன. அந்த வழக்கில் 10 வருடம், மறுபடி தூசு தட்டப்பட்ட லரேடோ வழக்கில் 10 வருடம். 1970-ன் தொடக்கத்தில் சிறைக்கதவு சாத்தப்பட்டது.

உள்ளே போனதும் எழுத ஆரம்பித்தார். அந்தக் குறிப்புகள் அதே வருடம் ‘ஜெயில் நோட்ஸ்’ என்று கின்ஸ்பர்கின் முன்னுரையோடு புத்தகமாயின. வெளியே பெட்டி பெட்டியாகக் கிடந்த பழைய தாள்களை யார் பார்த்துக்கொள்வது? சான் ஃபிரான்சிஸ்கோவில் மைக்கேல் ஹோரோவிட்ஸ் என்ற இளைஞர் இருந்தார். போதைப்பொருள்கள் பற்றிய அரிய நூல்களுக்கென்றே அந்த வருடம் நண்பர்களோடு சேர்ந்து ஒரு நூலகம் தொடங்கியிருந்தார். பொறுப்பு அவர் கைக்கு வந்தது. இந்தக் கதையின் நாயகன் லியரி என்று பலர் நினைப்பார்கள். எனக்கு நாயகன் ஹோரோவிட்ஸ்தான். என்ன விலை கொடுக்கப் போகிறோம் என்று அவருக்கு அப்போது தெரியாது.

சிறையில் புதுக் கைதிகளை வகை பிரிக்க உளவியல் சோதனை வைப்பார்கள். லியரியின் முன்னால் வைக்கப்பட்ட தாள்களில் அவரே உருவாக்கிய சோதனையும் இருந்தது! எந்தப் பதிலுக்கு எந்த முடிவு வரும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? அடங்கிய, வம்புதும்புக்குப் போகாத, செடிகொடி வளர்ப்பதில் ஆசையுள்ள ஆளாகத் தெரியும்படி பதில் எழுதினார். தோட்ட வேலை கிடைத்தது. காவல் குறைந்த சான் லூயிஸ் ஒபிஸ்போ சிறைக்கு மாற்றமும் கிடைத்தது. அங்கே கூரைக்கு மேலாக ஒரு கம்பிவடம் வேலியைத் தாண்டி வெளியே போவதை அவர் பார்த்து வைத்துக்கொண்டார்.

1970 செப்டம்பர் இரவு ஒன்றில் கூரைமேல் ஏறினார். வயது 49. வடத்தைக் கைகளாலும் கால்களாலும் பற்றித் தலைகீழாகத் தொங்கியபடி நகர்ந்தார். பாதி வழியில் கை சோர்ந்துவிட்டது என்றும், ரோந்து வண்டியின் வெளிச்சம் கீழே கடந்து போனது என்றும் பிற்பாடு எழுதினார். எப்படியோ வேலிக்கு அப்பால் இருந்த கம்பத்தை எட்டிச் சறுக்கி இறங்கினார். ‘வெதர் அண்டர்கிரவுண்ட்’ என்ற தலைமறைவுப் புரட்சிக் குழு வண்டியோடு காத்திருந்தது. திட்டத்தில் பங்கெடுத்த ரோஸ்மேரியும் அவரோடு நாட்டைவிட்டுத் தப்பினார்.

அல்ஜீரியாவில் அடைக்கலம் தேடினார்கள். அங்கே கருஞ்சிறுத்தைக் கட்சியின் எல்ட்ரிட்ஜ் கிளீவர், விருந்தாளிகளாக வந்தவர்களையே வீட்டுக்காவலில் வைத்தார். அங்கிருந்து சுவிட்சர்லாந்து. அங்கே ரோஸ்மேரி பிரிந்து போனார். 1973 ஜனவரியில் காபூல் விமான நிலையத்தில் இறங்கிய லியரியை அமெரிக்க அதிகாரிகள் வளைத்தார்கள். ஜாமீன் தொகை 50 லட்சம் டாலர். அடுத்து ஃபோல்சம் சிறை. பக்கத்து அறையில் கொலைக் கும்பல் தலைவன் சார்லஸ் மேன்சன்!

இந்தச் சிறையில்தான் அவர் எழுத்து விசித்திரமான திசையில் திரும்பியது. கோஹூடெக் என்ற வால்நட்சத்திரம் நெருங்கிக்கொண்டிருந்த காலம். 1973-ல் ‘ஸ்டார்ஸீட்’, ‘நியூரோலாஜிக்’, அடுத்த வருடம் ‘டெர்ரா 2’. மனித இனம் பூமியை விட்டுக் குடிபெயர வேண்டும் என்று, கூப்பிடு தூரத்துக்குக்கூட நடமாட முடியாத ஒருவர் திட்டம் தீட்டினார். அவருடைய எழுத்திலேயே என்னை மிகவும் உருக்குவது இந்த மூன்றும்தான். அறிவியலாக அவை தேறாது. சுவருக்குள் அடைபட்ட மனம் எவ்வளவு தூரம் ஓடிப் பார்க்கும் என்பதற்கு அவற்றைவிட நல்ல சாட்சி இல்லை. ஆனால் அதே மனம் 1974-ல் வேறொரு வாசலையும் தேடியது.

லியரி எஃப்.பி.ஐ.யிடம் பேச ஆரம்பித்தார். தன்னைத் தப்பவைத்தவர்களைப் பற்றியும் சொன்னார். செய்தி கசிந்ததும், செப்டம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் பத்திரிகையாளர் கூட்டம் நடந்தது. அவரைக் கண்டித்து மேடையில் உட்கார்ந்தவர்கள் யார் யார்? கின்ஸ்பர்க். பெற்ற மகன் ஜாக். ஹார்வர்டிலிருந்து கூடவே வெளியேற்றப்பட்டு, இந்தியாவுக்கு வந்து நீம் கரோலி பாபாவின் சீடராகி, ராம் தாஸ் என்று பெயர் மாறியிருந்த அதே ஆல்பெர்ட். லியரியின் வாக்குமூலத்தால் கடைசியில் வெதர் குழுவினர் யாரும் தண்டிக்கப்படவில்லை. அந்தக் கூட்டத்தன்று அது யாருக்குத் தெரியும்? எஃப்.பி.ஐ.யின் பார்வை அப்போது ஆட்களைத் தாண்டிக் காகிதங்கள் மேல் விழுந்தது.

1975-ல் ஹோரோவிட்ஸின் பாதுகாப்பில் இருந்த பெட்டிகளை எஃப்.பி.ஐ. கைப்பற்றியது. ஹார்வர்டு அறிக்கைகள், கவிஞர்களின் கடிதங்கள், சிறையிலிருந்து வந்த கையெழுத்துப் பிரதிகள் எல்லாம் போயின. ஐந்து வருடம் கண்ணும் கருத்துமாகக் காத்தவருக்கு, காத்த பொருளின் சொந்தக்காரர் எதிர்த்தரப்பில் நிற்பதைப் பார்க்கும் நிலை. அந்த வருடமே தாள்கள் சிதறியிருந்தாலும் ஆச்சரியமில்லை. பெட்டிகள் அழியாமல் திரும்பி வந்தது பெரும் அதிர்ஷ்டம்.

1976 ஏப்ரலில் லியரி வெளியே வந்தார். அதற்குப் பிறகும் ஹோரோவிட்ஸ் அவரை விட்டு விலகவில்லை. ஹோரோவிட்ஸின் மகள் வினோனா, பிற்காலத்தில் வினோனா ரைடர் என்ற ஹாலிவுட் நடிகை, லியரியின் ஞானமகளாக வளர்ந்தார். 1988-ல் லியரியின் எழுத்துகள் அத்தனைக்கும் ஒரு விளக்க நூற்பட்டியலை ஹோரோவிட்ஸ் நண்பர்களோடு சேர்ந்து வெளியிட்டார். லியரி கணினிப் பக்கம் போய், 1985-ல் தன் பழைய ஓக்லாந்து சோதனையிலிருந்தே ‘மைண்ட் மிரர்’ என்ற மென்பொருள் விளையாட்டைச் செய்தார். பெட்டிகளில் ஃப்ளாப்பிகளும் சேர ஆரம்பித்தன.

1996 மே 31 அன்று லியரி இறந்தார். அடுத்த வருடம் அவர் சாம்பலில் ஒரு சிட்டிகை ராக்கெட்டில் ஏறி பூமியைச் சுற்றியது. ஃபோல்சமில் தீட்டிய திட்டத்தில் அவ்வளவுதான் நிறைவேறியது. கான்கார்ட் கைதிகள் திருந்தியதாக அவர் பெருமையாகச் சொல்லி வந்ததையும் 1998-ல் ரிக் டாப்ளின் என்ற ஆய்வாளர் பழைய கைதிகளின் பதிவுகளைத் தேடிச் சரிபார்த்தார். கணக்கு தேறவில்லை. சொந்தக்காரரின் பேச்சை மட்டும் நம்பியிருந்தால் இது வெளிவந்திருக்காது. சாதகமானது, பாதகமானது என்று பிரிக்காமல் எல்லாத் தாளையும் காப்பதன் அருமை இங்கேதான் புரிகிறது. பெட்டிகளை இனி வாங்கிக் காக்கப்போவது யார் என்பதுதான் மீதிக் கேள்வி.

விடை 2011-ல் கிடைத்தது. வாங்கியது நியூயார்க் பொது நூலகம். விலை 9 லட்சம் டாலர், பெட்டிகள் 335. இரண்டு வருடம் பிரித்து, அடுக்கி, பட்டியலிட்டு, 2013 செப்டம்பரில் ஆய்வாளர்களுக்குத் திறந்தார்கள். வாசலில் இரண்டு கல் சிங்கங்கள் காவல் இருக்கும் அந்த ஐந்தாம் அவென்யூ கட்டடத்தில், ‘டிமதி லியரி தாள்கள்’ என்று கேட்டுப் பெட்டி வரவழைத்துப் படிப்பது இன்று எந்த ஆய்வு மாணவருக்கும் சாதாரண வேலை.

அதே நூலகத்தில் இன்னொரு தொகுப்பும் இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் பிரிந்த பிறகு 20 வருடங்களுக்கும் மேல் தலைமறைவாக வாழ்ந்து, 2002-ல் இறந்த ரோஸ்மேரியின் தாள்கள் அவை. எந்தப் பெயரையும் எவரிடமும் சொல்லாதவர், சொல்ல வேண்டியதைத் தன் கையால் எழுதி வைத்திருந்தார்.