இரண்டு பெட்டியா, ஆறு பெட்டியா?

லண்டனில் ஒரு சினிமா கொட்டகை. பேசும் படம் வந்து நாலைந்து வருடம்தான் ஆகியிருந்தது. ஜனங்கள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, ஓர் இளைஞருக்கு மட்டும் மனசு படத்தில் ஒட்டவில்லை. ஹீரோ திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நடக்கிறார். குரல்? நகரவே இல்லை! ஒரே பெட்டியிலிருந்து, ஒரே இடத்திலிருந்து வருகிறது. ஆள் போகிற பக்கமெல்லாம் குரலும் போகும்படி செய்யத் தன்னிடம் வழி இருப்பதாக, பக்கத்திலிருந்த வருங்கால மனைவி டோரீனிடம் சொன்னாராம்.

கொட்டகைக் கதையில் கொஞ்சம் மசாலா இருக்கலாம். அடுத்து நடந்ததற்கு எழுத்துபூர்வமான சாட்சி உண்டு. அந்த இளைஞர் ஆலன் ப்ளம்லைன், கொலம்பியா கிராஃபோஃபோன் கம்பெனி இன்ஜினீயர். அந்தக் கம்பெனி 1931-ல் எச்.எம்.வி.யோடு சேர்ந்து ஈ.எம்.ஐ. ஆனது. அதே வருடம் டிசம்பர் 14-ம் தேதி காப்புரிமைக்கு விண்ணப்பித்தார் ப்ளம்லைன். எண் 394325. இன்று நாம் ஸ்டீரியோ என்று சொல்வதன் ஜாதகமே அதில்தான் இருக்கிறது. அப்போது அவருக்கு வயது 28!

சூட்சுமம் நம் காதில் இருக்கிறது. இடப்பக்கம் ஒருவர் கூப்பிட்டால், சத்தம் இடது காதுக்கு முதலில் வரும். வலது காதுக்கு ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தாமதம். அந்தத் துளி வித்தியாசத்தை வைத்து மூளை திசையைக் கணக்குப் போட்டுவிடும். 1881-லேயே பாரீஸ் மின்சாரக் கண்காட்சியில் க்ளெமாங் அதேர் என்பவர் இதைக் காட்டிவிட்டார். ஓபரா மேடையில் வரிசையாக மைக்குகள். கண்காட்சியில் ஆளுக்கு இரண்டு டெலிபோன் குழல், காதுக்கு ஒன்று. பாடகி மேடையில் நகர்வது, பார்க்காமலே புரிந்தது.

சரி, காது இரண்டு என்பதால் ஸ்பீக்கரும் இரண்டா? அதுதான் இல்லை! 1933 ஏப்ரல் 27-ம் தேதி அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் ஒரு வித்தை காட்டியது. ஃபிலடெல்ஃபியாவில் வாசித்த இசைக்குழு, டெலிபோன் கம்பி வழியாக வாஷிங்டன் அரங்கில் கேட்டது. அங்கே வைத்திருந்தவை மூன்று ஸ்பீக்கர்கள். இடம், வலம், நடு.

அப்புறம் எப்படி வீட்டுக்கு இரண்டு வந்தது? காரணம், இசைத்தட்டு. அதில் ஊசி ஓடும் பள்ளம் 'வி' எழுத்து மாதிரி இருக்கும். பள்ளத்துக்குச் சுவர் இரண்டு. ஒரு சுவரில் இடது, மறு சுவரில் வலது. மூன்றாவதற்குச் சுவர் இல்லையே! இந்த இரட்டைச் சுவர் யோசனையும் ப்ளம்லைனின் விண்ணப்பத்திலேயே இருந்தது. 1934-ல் அபே ரோடு ஸ்டூடியோவில் பீச்சம் நடத்திய மொஸார்ட் சிம்பொனியைப் பதிவும் செய்து பார்த்தார். ஆனால், கம்பெனிக்கு டெலிவிஷன் மேல் கண் திரும்பிவிட்டது. அப்புறம் யுத்தம்.

1942 ஜூன் 7. ராடார் கருவி ஒன்றைச் சோதிக்கப் பறந்த ஹாலிஃபாக்ஸ் விமானம் தீப்பிடித்து விழுந்தது. உள்ளே இருந்த 11 பேரும் இறந்தார்கள். அதில் ஒருவர் ப்ளம்லைன். வயது 38. யுத்த ரகசியம் என்பதால் அரசாங்கம் அப்போது மூச்சுவிடவில்லை. ஸ்டீரியோ இசைத்தட்டு கடைக்கு வர 1958 ஆனது. தன் பள்ளத்தில் ஊசி ஓடியதைப் பார்க்க, பாவம், அவர் இல்லை.

ஸ்டீரியோ ஓஹோவென்று ஓட, கம்பெனிகளுக்கு ஆசை வந்தது. இரண்டே இவ்வளவு விற்றால் நாலு? 1970-களின் தொடக்கத்தில் 'குவாட்ரஃபோனிக்' வந்தது. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. பிடித்தது சனி! சி.பி.எஸ். ஒரு முறை கொண்டுவந்தது. சான்சுயி வேறொன்று. ஜே.வி.சி. மூன்றாவது. ஒன்றின் தட்டை இன்னொன்றின் கருவியில் போட்டால் நாலு திசையும் சரியாகப் பிரியாது. வாங்க வந்தவர் பார்த்தார்... 'நீங்க முதல்ல சண்டையை முடிங்க' என்று பேசாமல் வீட்டுக்குப் போய்விட்டார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கதை முடிந்தது.

செத்ததாக நினைத்த யோசனைக்கு உயிர் கொடுத்தது சினிமா. நாலு சத்தத்தை இரண்டு தடத்துக்குள் மடித்து வைத்து, கொட்டகையில் பிரித்தெடுத்தது டால்பி. 1977-ல் 'ஸ்டார் வார்ஸ்' வந்து அதை ஊரறியச் செய்தது. அடுத்து டி.வி.டி. வழியாக 'ஹோம் தியேட்டர்' நம் ஹாலுக்குள் நுழைந்தது. 5.1 என்றால் ஐந்து ஸ்பீக்கர், கூடவே அடிவயிற்றில் அதிரும் சத்தத்துக்கென்று ஒரு சப்வூஃபர். 2012-ல் 'அட்மாஸ்' வந்து தலைக்கு மேலும் சத்தம் வைத்தது.

இந்த டால்பி சினிமாவுக்காக வைத்துக்கொண்ட நாலு திசை எவை தெரியுமா? இடம், வலம், சுற்று, அப்புறம் நடு. குவாட்ரஃபோனிக்கில் இல்லாத நடு! விஷயம் அங்கேதான் இருக்கிறது. ஸ்டீரியோவில் பாடகர் இரண்டு பெட்டிக்கும் நடுவே நிற்பது போலத் தோன்றுகிறதே, அங்கே உண்மையில் ஒன்றுமில்லை. மூளையின் கண்கட்டு வித்தை. நீங்கள் சரியாக மத்தியில் உட்கார்ந்தால்தான் அது பலிக்கும். ரெண்டடி நகர்ந்தால் பக்கத்துப் பெட்டியின் சத்தம் முந்திக்கொள்ளும். பாடகரும் அதற்குள் போய் ஒண்டிக்கொள்வார். கொட்டகையில் ஐந்நூறு பேரையும் மத்தியில் உட்காரவைக்க முடியுமா? அதனால்தான் திரைக்குப் பின்னால், நடுவில் ஒரு நிஜப் பெட்டி. எங்கே உட்கார்ந்தாலும் வசனம் ஹீரோ வாயிலிருந்தே வரும்.

ஆக, கடைக்குப் போகுமுன் யோசிக்க வேண்டியது பெட்டிக் கணக்கை அல்ல, ஆள் கணக்கை. ராத்திரி பத்து மணிக்கு மேல் தனியாக உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறவரா? நல்லதாக இரண்டு போதும். அவை இரண்டும் நீங்களும் சம முக்கோணமாக அமையும்படி வையுங்கள். மற்ற பெட்டிகளுக்கு ஆகும் பணத்தையும் அந்த இரண்டிலேயே போடலாம். ஐம்பது, அறுபதுகளின் சினிமாப் பாடல்தான் உயிர் என்றால், அவற்றில் பெரும்பாலானவை மோனோ. ஆறு பெட்டியில் போட்டாலும் பாடகர் முதுகுப் பக்கம் போகப்போவதில்லை. ரிமோட்டில் 'ஹால்', 'ஸ்டேடியம்' என்று பட்டன் இருக்கும். அது சேர்ப்பது வெறும் எதிரொலி.

வீட்டில் ஐந்தாறு பேர் சோபாவிலும் தரையிலுமாக உட்கார்ந்து படம் பார்க்கிறீர்களா? அப்போது சரவுண்ட் வாங்குங்கள். அதிலும் முதலில் கவனிக்க வேண்டியது, பின்னால் உறுமும் பெட்டியை அல்ல, டி.வி.க்கு அடியில் இருக்கும் அந்த நடுப் பெட்டியை. கடைக்காரர் புலி உறுமலைத்தான் போட்டுக் காட்டுவார். நீங்கள் இரண்டு பேர் மெல்லப் பேசிக்கொள்ளும் ஒரு காட்சியைப் போடச் சொல்லுங்கள். மத்தியில் நின்று கேட்காதீர்கள். ஓரமாகப் போய் நின்று கேளுங்கள். வீட்டில் யாராவது ஒருவர் தினமும் அந்த ஓரத்தில்தான் உட்காரப்போகிறார்!