பின்வசந்த மாதமும் யாழ்ப்பாணத்து நினைவும்

‘ரபீஃ’ என்றால் அறபியில் வசந்தம். ரபீஉனில் ஆகிர், பின்வசந்தம். பெயர் பருவத்தைச் சொன்னாலும் மாதம் பருவத்தில் நிற்பதில்லை. சந்திர ஆண்டுக்கு 354 அல்லது 355 நாட்களே என்பதால், அது எல்லாப் பருவங்களையும் சுற்றிவர ஏறத்தாழ 33 வருடம் ஆகும்.

எங்கட உம்மம்மாமாருக்கு அது ‘முஹியித்தீன் மாதம்’. ஹிஜ்ரி 561இல் மறைந்த அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்களின் பேரில் மௌலூது ஓதி, கந்தூரிச் சோறு பகிரும் மாதம். 11ஆம் பிறை விசேஷம்.

ஹிஜ்ரி 1411இல் அந்தப் பிறையை ஒட்டித்தான் 1990 ஒக்டோபர் 30 வந்தது. சோனகத் தெரு மக்களை ஜின்னா மைதானத்துக்கு அழைத்த விடுதலைப் புலிகள், இரண்டு மணி நேரத்தில் ஊரை விட்டுப் போகச் சொன்னார்கள்.

33 வருடம் கழித்து, 2023 ஒக்டோபரில் அதே மாதம் சுற்றித் திரும்பி வந்தது. போன சனத்தில் பலர் இன்னும் புத்தளத்திலதான் இருக்கிறாங்க.