லாண்டர் சிகரத்தின் அடிவாரத்தில்

இயற்கையைத் தீட்டும் கலைக்கு அரசியல் இல்லை என்று வாதிடுவோர் நம்மிடையே உளர். மலையும் அருவியும் எந்த வர்க்கத்தைச் சார்ந்தவை என்று அவர்கள் வினவுவர். நாம் ஓர் ஓவியத்தைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

ஜேர்மனியில் 1830இல் பிறந்து, இளமையிலேயே அமெரிக்காவிற் குடியேறியவர் அல்பேட் பியர்ஸ்ராட். அவர் 1863இல் தீட்டிய 'றொக்கி மலைகள், லாண்டர் சிகரம்' இன்று நியூயோர்க் மெட்ரோபொலிற்றன் நூதனசாலையில் உள்ளது. அதன் அகலம் மூன்று மீற்றருக்கும் அதிகம். பனி போர்த்த சிகரங்கள் வானளாவி நிற்கின்றன. நடுவே முகில் கிழித்து விழும் ஒளியில் ஓர் அருவி மின்னுகிறது. மனிதர் கால் படாத வனாந்தரம் என்றே முதலில் தோன்றும். ஆனால், படத்தின் கீழ்ப்பகுதியை நோக்குக: கூடாரங்கள், குதிரைகள், வேட்டையாடிக் கொணர்ந்த விலங்குகள், அவற்றைச் சூழ ஆண்களும் பெண்களும். அவர்கள் ஷொஷோனி மக்கள். அம்மலைநாடு அவர்களது தாயகம்.

1859இல் ஓவியர் அங்கு தனித்துச் செல்லவில்லை. குடியேறுவோருக்கு வண்டிப்பாதை வகுக்க அரசாங்கம் அனுப்பிய பிரெடரிக் லாண்டரின் குழுவுடனேயே சென்றார். சிகரமும் பின்னர் லாண்டரின் பெயரையே பெற்றது. அங்கு வாழ்ந்தோர் வழங்கிய பெயருக்குப் படத்தில் இடமில்லை.

படம் நியூயோர்க்கில் உருவாகிய காலம் எத்தகையது? 1862இல் குடியேறுவோருக்கு 160 ஏக்கர் வரை நிலம் வழங்கும் சட்டமும், பசிபிக் புகையிரதப் பாதைச் சட்டமும் நிறைவேறின. 1863 ஜனவரி 29இல் பெயார் ஆற்றங்கரையில் கேணல் கொனரின் படை ஷொஷோனியரின் வடமேற்குப் பிரிவினரைத் தாக்கியது. பெண்கள், குழந்தைகள் உட்பட 200க்கு மேற்பட்டோர் மாண்டனர். உறைபனிக் காலம் அது. படத்திலோ கோடையின் அமைதி!

ஓவியரைக் கொடியவர் என்று நாம் கூறவில்லை. அம்மக்களை அவர் இழிவாகத் தீட்டினாரல்லர். எனினும், அவர்கள் விரைவில் மறைந்துவிடுவர், ஆதலின் இப்போதே தீட்டிவிட வேண்டும் என்னும் கருத்தை 1859இல் ஒரு மடலில் வெளியிட்டார். தானாக மறைவது மூடுபனி. இம்மக்களை அகற்ற முனைந்த கரம் எது என்பதைப் படம் கூறவில்லை. அவர்கள் மறைந்துவிடவும் இல்லை. வயோமிங் மாநிலத்தின் வின்ட் றிவர் ஒதுக்குநிலத்தில் ஷொஷோனியர் இன்றும் வாழ்கின்றனர்.

வனாந்தரத்தின் விலை என்ன? 1865இல் இந்த ஓவியம் 25,000 டொலருக்கு விலைபோயிற்று. அக்காலத்தில் அது பெருந்தொகை. வாங்கியவர் ஜேம்ஸ் மக்ஹென்றி, புகையிரதப் பாதைகளில் முதலிட்ட செல்வந்தர்.